வேல்ராஜ் முழங்காலிட்ட ஞாயிறு

2022 ஆகஸ்ட் 14, ஞாயிறு, காலை ஏழு ஐம்பதுக்கு ஞானஜோதி வேல்ராஜை முதன்முதலாகப் பார்த்தாள். அவள் மகன் ஆசீரின் பைக் அன்று பஞ்சர். கம்பெனியில் அவனோடு ஒரே உற்பத்தி லைனில் நிற்கும் இவன், சபையில் ஆசீர் வாசிக்கும் கீபோர்டை ஏற்றிப்போகத் தன் வண்டியோடு பிள்ளைப்பாக்கம் வீட்டு வாசலுக்கு வந்திருந்தான்.

“எந்தூரு தம்பி?”

“கோவில்பட்டிப் பக்கம்மா.”

“அதான பாத்தேன், பேச்சு நம்மூர்ப் பேச்சால்லா இருக்கு. ரெண்டு இட்லி தின்னுட்டுப் போ.”

“நேரமாயிட்டுன்னு ஒங்க மவன் மொறைக்கான்.”

“அவன் கெடக்கான். ஏசுவே பசிச்சவனுக்குச் சோறு போட்டுட்டுத்தான் அனுப்புனாரு.”

அன்று முதல் வேல்ராஜ் அநேகமாக எல்லா ஞாயிறும் வந்தான். கரிசல் காட்டு விவசாயியின் மூத்த மகன், இரண்டு தங்கைகள், கான்ட்ராக்ட் வேலை, சுங்குவார்சத்திரத்தில் நால்வர் தங்கும் ஓர் அறை. விதவையான ஞானஜோதிக்கு சிலிண்டர் தூக்கிக் கொடுத்தான், ரத்த அழுத்த மாத்திரை வாங்கி வந்தான். சாமி கும்பிடுகிற குடும்பத்துப் பிள்ளை என்றாலும் சபையில் கடைசிப் பாயில் அமர்ந்து, ஜெப நேரத்திலும் கண் மூடாமல் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருப்பான். பாட்டு அவனை இழுக்கிறது, ஆண்டவர் ஓர் ஆத்துமாவைத் தருகிறார் என்று அவள் மகிழ்ந்தாள்.

2024 ஜனவரியில் ஆசீர் சொன்னான்: “யம்மா, வேல்ராஜ் எனக்குக் கூட்டாளி மட்டும் இல்ல. கல்யாணப் பேச்ச இனிமே எடுக்காதிய.”

இரண்டு மாதம் வெள்ளிதோறும் உபவாசம் இருந்தாள். மகனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானே என்ற பயம். பிறகு சபைக்குச் சீட்டு எழுதினாள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் இருக்கும் பெட்டியில் யார் வேண்டுமானாலும் விண்ணப்பச் சீட்டு போடலாம், பெயர் வேண்டியதில்லை. போதகர் அதை வாசித்து, யாருக்கான விண்ணப்பமோ அவர் அங்கே இருந்தால் முன்னே வந்து முழங்காலிடச் சொல்வார். சபையார் சேர்ந்து ஜெபிப்பார்கள். “கம்பெனியில் வேலை செய்யும் ஒரு வாலிபன், இன்னொரு ஆணோடு கொண்ட உறவிலிருந்து விடுதலை பெற” என்று மட்டும் எழுதினாள். ஒருவரும் முன்னே வரப்போவதில்லை, ஜெபம் மட்டும் மேலே போய்ச் சேரும் என்பது அவள் கணக்கு. வாரந்தோறும் சபை வாசல் பலகையில் வசனம் எழுதுகிற கை தன்னுடையது என்பதை அவள் மறந்துபோனாள்.

மார்ச் 10 ஆராதனையில் போதகர் சீட்டை வாசித்துவிட்டு, வெகுளியாகச் சொன்னார்: “இது நம்ம பலகை எழுத்தாச்சே.”

தலைகள் அவள் பக்கம் திரும்பின. அவளுக்கு இருப்பது ஒரே மகன். ஆகவே அங்கிருந்து கீபோர்டின் பக்கம் திரும்பின. ஆசீரின் விரல்கள் கட்டைகளை விட்டு எழுந்து நின்றன.

கடைசிப் பாயிலிருந்து வேல்ராஜ் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடுவே நடந்துவந்து முழங்காலிட்டான்.

“எனக்காகத்தான்யா. இங்க எனக்கு யாரும் இல்லன்னு ஜோதியம்மா எழுதிக் குடுத்தாங்க.”

“அப்படியாம்மா?” என்றார் போதகர்.

ஞானஜோதி தலையசைத்தாள்.

ஏசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்த கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷந்தோறும் சொல்லிக்கொடுப்பவள் அவள். அவன் மூன்று முறை வாய்திறந்து சொன்னதை அவள் ஒரு தலையசைப்பில் முடித்துவிட்டாள்.

சபையில் வேல்ராஜின் லைன் ஆட்கள் நான்கு பேர் இருந்தார்கள். திங்கள் காலை ஷிஃப்டில், “என்னல, முட்டி வலிக்கா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்த வார முடிவில் அறைக்குச் சொந்தக்காரரான கன்னியப்பன் வந்தார். “நான் இன்னாபா பண்றது? பசங்க உன் கூடப் படுக்க மாட்டேன்றானுங்க. வேற வூடு பாத்துக்கோ.” வேல்ராஜ் வாலாஜாபாத்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறைக்குப் போனான். சபைக்கு அதன்பின் வரவில்லை. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் பிள்ளைப்பாக்கம் வந்தான்.

ஒருநாள் ரசம் ஊற்றிக்கொண்டே ஞானஜோதி சொன்னாள்: “அடுத்த சாட்சி வேளையில எந்திரிச்சு, சீட்டு யாருக்குன்னு உள்ளதச் சொல்லிருதேன்.”

“ஒங்க இஷ்டம்மா. அப்பளம் இருக்கா?”

ஆண்டவர் செய்த நன்மையைச் சபையார் எழுந்து சொல்லும் சாட்சி வேளையில் எழுந்தும் நின்றாள். மகன் அவளையே பார்த்தான், தடுக்கவில்லை, வெளிறிப்போயிருந்தான். “போன மாசம் முழுக்க ஆண்டவர் எனக்குச் சுகத்தக் குடுத்தாரு” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அடுத்த மாதமும் அதுவேதான் நடந்தது.

இப்போது அவள் சீட்டு எழுதுவதில்லை. விடுதலை கேட்டுச் செய்த ஜெபம் எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. இரவு ஜெபத்தில் இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்கிறாள். ஞாயிறு மதியம் மீன் துண்டுகளில் பெரியதை அவன் தட்டில் வைக்கிறாள். அவன் அதை ஆசீரின் தட்டுக்கு நகர்த்திவிட்டு, சிலிண்டர் எப்போது மாற்ற வேண்டும் என்று விசாரிக்கிறான். சபையார் நடுவில் அவள் அவனுக்காகச் சொல்ல வேண்டிய அந்த ஒற்றை வாக்கியம் பாக்கியிருக்கிறது. அதை அவன் ஒருநாளும் கேட்டதில்லை.