ஹெல்மெற்றுக்குள் நான் தைத்த மாதா

செபக்குழுவில் எழும்பி நின்று கதைக்க எனக்கு வராது. ஆனால் மாதா எனக்குச் செய்ததை மூடி வைத்திருப்பதும் சரியில்லை. அதனால் எழுதித் தருகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் உயிர்ப்புப் பெருநாள் முடிந்த கிழமை, எங்கள் ஒரே மகள் டிலானி மோட்டார் சைக்கிள் வாங்கப் போவதாகச் சொன்னாள். எங்கள் வீடு கனடாவில், மார்க்கம் நகரத்தில். அவளுக்கு வேலை றிச்மண்ட் ஹில்லில். வீட்டில் இருப்பது ஒரு கார், அது என் சிஃப்ட்டுக்கே சரி. அவள் பழகி, லைசென்ஸ் எல்லாம் எடுத்த பிறகுதான் எனக்குச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் பயந்த பிறவி. அடுப்பை நிற்பாட்டிவிட்டு வீதி வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிற ஆள். இந்தப் பயத்துக்கு மட்டும் காரணம் இருந்தது. மன்னாரில் என் மச்சான் ஒருவன் ஹெல்மெற்றைக் கையில் கொழுவிக்கொண்டு ஓடுவான், பொலிசைக் கண்டால் மட்டும் போடுவான். ஒரு நாள் விழுந்தான். அந்த ஹெல்மெற்றில் ஒரு கீறல்கூட இல்லை. அதை அவன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் யாரோ கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

செபமாலையைக் கையில் எடுத்தால் ஒரே மன்றாட்டுத்தான். "மடு மாதாவே, அந்தச் சைக்கிளை யாராவது களவெடுத்துக்கொண்டு போகட்டும்." உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். களவு போகவில்லை. பிறகு மழைக்கு மன்றாடினேன், மழை பெய்தால் அவள் சைக்கிளை எடுக்கமாட்டாள். அந்த வைகாசி முழுக்க நல்ல மழை. என் மனைவி ஜெயா ஒரு நாள் சொல்லியே விட்டாள்: "இஞ்சருங்கோ, உந்தச் செபத்தைக் கொஞ்சம் குறையுங்கோ. என்ர தக்காளிக் கண்டெல்லாம் அழுகுது."

டிலானி முகம் முழுக்க மூடுகிற நல்லதொரு ஹெல்மெற் வாங்கி வந்தாள். கடையில் தலையை அளந்து கொடுத்தார்களாம். எனக்கு மனம் கேட்கவில்லை. நான் கார் சீற்றுகளுக்கு உறை தைக்கிற வேலை செய்பவன். அவள் குளிக்கப் போன நேரம் உள்மெத்தையைக் கழற்றி, நெற்றிப் பக்கத்துப் பஞ்சைக் கொஞ்சம் பிரித்து, மடுக் கோயிலில் மந்திரித்துக் கொண்டுவந்த மாதா மெடலை வைத்துத் தைத்தேன். தையல் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அன்றைக்கு நிம்மதியாய்ப் படுத்தேன்.

இரண்டு மூன்று கிழமை போனது. டிலானி வேலையால் வரும்போது நெற்றியில் வட்டமாய்ச் சிவந்திருக்கும். தலையிடி என்பாள்.

"சைஸ் பிழைச்சுப் போச்சு அப்பா. பெரிசா ஒண்டு எடுக்கவேணும்."

மெடல்தான் குத்துகிறது என்று எனக்குத் துளியும் தோன்றவில்லை. மாதா குத்துவாவா? "ஓம் பிள்ளை, தலை எண்டால் காத்துப் போகவேணும்" என்று நானே ஏத்திவிட்டேன்.

கடைக்குப் போகிற அன்று காலையில் செபமாலை உருட்டும்போது ஏனோ வாய் மாறிப்போனது. "மாதாவே, சைக்கிளை எடுக்கமாட்டீர் எண்டால், நான் என்ன செய்யவேணும் எண்டாவது காட்டும்" என்று கேட்டேன். அழுகையும் வந்தது. முதல் தடவையாக அன்றுதான் நான் களவும் கேட்கவில்லை, மழையும் கேட்கவில்லை.

கடையில் நின்றது எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒன்று. இங்கே பிறந்த பிள்ளை, கை முழுக்கப் பச்சை குத்தியிருந்தது. டிலானி ஒரு சைஸ் பெரிய ஹெல்மெற்றைப் போட்டுவிட்டு, "அப்பாடா, என்ன சுகமா இருக்கு" என்றாள். எனக்கும் சந்தோசம். காசைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தால் அந்தப் பிள்ளை விடவில்லை.

"அக்கா, தலையை டக்கெண்டு ஆட்டுங்கோ."

ஆட்டினாள். தலை ஒரு பக்கம், ஹெல்மெற் ஒரு பக்கம். பிறகு நாடிப் பட்டியைக் கட்டிவிட்டு, அந்தப் பிள்ளை பின்னால் நின்று ஹெல்மெற்றை மேலே தள்ளிப் பார்த்தது. அது அப்படியே முன்னால் கவிழ்ந்து கண்ணை மூடியது.

"பாத்தீங்களா அங்கிள்? இது தொப்பி மாதிரி. ரோட்டில அவ விழமுதல் இது விழும். புது ஹெல்மெற் கன்னத்தைக் கவ்வவேணும். கிஸ் பண்ண வாய் குவிச்ச மாதிரி இருக்கவேணும், ஸொறி அங்கிள்."

டிலானி சிரித்தாள். "அப்ப பழசு ஏன் நெத்தியில குத்துது?"

"அதானே! நானே அளந்து தந்தது. குடுங்கோ பாப்பம்."

அந்தப் பிள்ளை பழைய ஹெல்மெற்றுக்குள் விரலை விட்டுத் தடவியது. நெற்றிப் பக்கத்தில் விரல் நின்றது. எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"உள்ளுக்க ஏதோ இருக்கு. காசா?"

"காசில்லைப் பிள்ளை," என்றேன். "மாதா."

டிலானி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா! சீரியஸ்லி?"

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. "அங்கிள், மாதா எங்க வேணுமெண்டாலும் இருக்கட்டும். ஹெல்மெற்றுக்குள்ள மட்டும் வேண்டாம். விழுந்தா முதல் மண்டைக்குள்ள போறது அவதான்."

அந்த இடத்திலேயே கத்தரிக்கோல் வாங்கி, என் கையாலேயே தையலைப் பிரித்தேன். மெடலை எடுத்தபின் உள்மெத்தையைத் திரும்பப் பூட்டி டிலானி போட்டாள். நெற்றி குத்தவில்லை. கன்னம் இரண்டும் பிதுங்கின. தலையை ஆட்டினாள், ஹெல்மெற்றும் தலையோடேயே திரும்பியது. அந்தப் பிள்ளை பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தது, அசையவில்லை. மெடலை அவள் சைக்கிள் திறப்புக் கோர்வையில் கொழுவிவிட்டேன்.

பிரியமானவர்களே, இனித்தான் சாட்சி.

புரட்டாதி மாதம். யூனியன்வில் பக்கம் ஒரு வீட்டு வாசலால் கார் ஒன்று பார்க்காமல் பின்னுக்கு வந்தது. டிலானி பிரேக் அடித்தாள். சறுக்கி, இடது பக்கமாய் விழுந்து, முகம் தரையில் உரஞ்ச இழுபட்டுப் போனாள்.

நான் வேலையில் நின்றேன். போன் அடித்தது.

"அப்பா, பதறாமல் கேளுங்கோ. நான் கதைக்கிறன்தானே? அப்ப உயிரோடதான் இருக்கிறன்."

ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. அவளுக்குக் கைமூட்டு எலும்பில் வெடிப்பு, வேறொன்றுமில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் ஹெல்மெற் இருந்தது. இடது கன்னத்திலிருந்து நாடி வரைக்கும் தேய்ந்து, தோல் உரித்த மாதிரி. நான் அதையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். மச்சானின் ஹெல்மெற்றில் கீறல் இல்லை. என் பிள்ளையின் முகத்தில் கீறல் இல்லை. அந்தத் தரையிலேயே முழங்காலில் விழுந்தேன். ஜெயா என்னைத் தூக்கவில்லை, அவளும் பக்கத்தில் முழங்காலில் நின்றாள்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெரிய ஹெல்மெற்றோடு அவள் போயிருந்தால்? அல்லது மெடலை நெற்றிக்கு முன்னால் வைத்துக்கொண்டே போயிருந்தால்? நான் கேட்ட களவை மாதா தரவில்லை. என் பிள்ளையைத் தந்தா.

இப்போது அடுப்பை ஒரு தரம்தான் பார்க்கிறேன். பயம் வந்தால் "இதை எடும், அதை எடும்" என்று கேட்பதில்லை. "காட்டும்" என்று கேட்கிறேன். பயத்தோடு இருக்கிறவர்களே, நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். பதில் சில நேரம் பச்சை குத்திய கையோடு கடைக்குள் நிற்கும். தள்ளிவிடாதீர்கள்.

ஒரு தரம் அடிபட்ட ஹெல்மெற்றைத் திரும்பப் போடக்கூடாதாம். புதியது எடுக்க அதே கடைக்குத்தான் போனோம். இந்த முறை இரண்டு எடுத்தோம். மழை இல்லையென்றால் வருகிற ஞாயிறு நான் மகளுக்குப் பின்னால் இருந்துதான் பூசைக்கு வருவேன். கோயில் வாசலில் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கன்னம் இரண்டும் பிதுங்கித்தான் இருக்கும். அதுதான் சரியான அளவு.