ஆறாவது துளை

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

நான் துப்பாக்கி பழுதுபார்ப்பவன். பட்டப்பகலில், என் பட்டறையிலேயே நடந்தது. சுடும் பயிற்சிக் கழகத்து ஆள் ஒருவர் தன் ரிவால்வரைக் கொண்டுவந்தார்.

"சுட்டா பக்கவாட்டுல ஈயம் தெறிக்குது, அண்ணே. பக்கத்துல நின்ன எங்க மாமாவுக்குத் தொண்டையில பட்டுடுச்சு."

"அடப்பாவமே! இப்ப எப்படி இருக்காரு?"

"பொழைச்சுட்டாரு. நாளைக்கு ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பிடுவாங்க."

ரிவால்வரில் குண்டு போடும் ஆறு துளைகளும் சுழன்று வரும்போது, ஒவ்வொன்றும் குழலுக்கு நேராக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் குண்டின் ஓரத்தைச் சீவி வெளியே துப்பிவிடும். நேர் பார்க்க ஒரு பித்தளைக் கம்பி வைத்திருக்கிறேன். குழலின் வாய் வழியாக விட்டால், ஒவ்வொரு துளைக்குள்ளும் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

ஐந்து துளைகளில் இறங்கியது. ஆறாவதில் நின்றுவிட்டது.

இரும்பில் இடித்தால் 'ணங்' என்று கேட்கும். இது மெத்தென்று இருந்தது. உருவினேன். நுனியில் சளி... நூல் நூலாகத் தொங்கியது. வெதுவெதுப்பு வேறு. சீழ் நாற்றம். சீ! இப்படியா துப்பாக்கி வைத்திருப்பான் என்று அந்த ஆளை மனதுக்குள் கழுவி ஊற்றினேன்.

பின்பக்கம் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். துளை காலி. பளபளவென்று இருந்தது.

எனக்கும் வீம்பு. கம்பி நுனியில் துணி சுற்றினேன். எண்ணெயில் தோய்த்தேன். மறுபடி விட்டேன்.

மறுபடி அதே மெத்து.

உள்ளங்கையால் ஓங்கிக் குத்தினேன்.

"க்ளக்..."

இரும்புச் சத்தம் இல்லை. மனிதன் ஓங்கரிக்கும் சத்தம். சத்தியமாகச் சொல்கிறேன்.

குழலின் வாயிலிருந்து எச்சில் வழிந்தது. என் விரலெல்லாம் பிசுபிசுப்பு...

கம்பியை உள்ளே ஏதோ விழுங்கப் பார்த்தது.

இரண்டு கையாலும் பிடுங்கினேன். கம்பி வந்தது.

துணி வரவில்லை.

ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை விட்டேன். ஆறாவது துளையிலும் சர்ரென்று இறங்கியது. நான் அரம்கூட எடுக்கவில்லை. பழுது சரியாகியிருந்தது.

மாலையில் வருவதாகச் சொன்னவர் வரவில்லை. மறுநாள் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது.

"மாமா போயிட்டாரு, அண்ணே. நேத்து மத்தியானம் நல்லா பேசிக்கிட்டே இருந்தவரு, திடீர்னு மூச்சு முட்டி..."

"புண்ணு திறந்துக்கிச்சா?"

"இல்லண்ணே. தொண்டையில துணி அடைச்சிருந்துச்சு. எண்ணெய்த் துணி. ரூம்ல நர்ஸம்மா மட்டும்தான் இருந்திருக்கு. 'நான் இல்லை, நான் இல்லை'ன்னு கதறக் கதற போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க."