பின்சக்கரத்தின் கீழே ஓர் எலுமிச்சம்பழம்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்த பதினாறாம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். மூத்த மகன் என்பதால் எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்தது. "படிக்கிறவங்க பூராவும் அழுற மாதிரி எழுதிராத அண்ணே, அப்பாவுக்குப் பிடிக்காது" என்று தங்கை சொல்லிவிட்டாள். ஆகவே நடுவில் சிரிப்பு வந்தால் பழி அவளுக்கே.

அப்பா பிறந்தது தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். மீசை முளைக்கும் முன்பே பம்பாய் வந்து, தாதர் மார்க்கெட்டில் வாழையிலைக் கட்டுச் சுமந்து, பல வருடம் பாடுபட்டுச் சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கினார்கள். விடியும் முன் இலை ஏற்றிப் போய் மாதுங்கா ஹோட்டல்களில் இறக்குவார்கள். யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. என்னைச் சொன்னது கணக்கில் வராது.

1960-களின் நடுவில் அப்பாவின் இடது முழங்கால் வீங்கத் தொடங்கியது. கிளச்சை மிதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வார்கள். டிரைவர் வைக்க வசதியில்லை. வீட்டில் இன்னொருவர் ஓட்டாவிட்டால் வேனை விற்பதைத் தவிர வழியில்லை. வேன் போனால் பிழைப்பும் போகும். எனக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. பஸ் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்று, அது கண்ணுக்கு மறைந்த பிறகு ஏறுகிற வீரன் நான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆண்டாப் ஹில் ஏற்றத்தில் பாடம் நடக்கும். சமதரையில் ஓரளவு ஓட்டிவிடுவேன். ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் வண்டி பின்னால் உருளும். அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாதி ஏற்றத்தில் நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய், பின்சக்கரத்துக்குப் பின்னால் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு வந்தார்கள்.

"ஏல, பழம் நசுங்காம மேல எடு. வண்டி பின்னால போவக் கூடாது. கண்ணாடி பாக்காம கெளம்பவும் கூடாது."

"நசுங்கிட்டா என்னப்பா?"

"பழத்துக்குப் பதிலா ஒரு ஆளு நிக்கான்னு நெனச்சுக்கோ."

அதுவரை பழத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். அதன் பிறகு வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் பின்னால் நிற்பது நன்றாகவே தெரிந்தது. கொளுத்தும் வெயிலில் வைப்பரைப் போட்டேன். ஹாரனை அழுத்தினேன். முருகனைக் கூப்பிட்டேன். இத்தனையும் செய்து முடிப்பதற்குள் வண்டி பின்னால் போய், 'சொத்'தென்று ஒரு சத்தம்.

"சரி, ஒருத்தன் காலி" என்றார்கள் அப்பா. "அடுத்தவன வைக்கேன்."

நசுங்கிய பழங்களை அம்மா வீணாக்கவில்லை; பித்தளைப் பாத்திரங்களைத் தேய்த்தார்கள். பொதுக்குழாயடியில் எங்கள் வீட்டுக் குடம் தங்கமாய் மின்னும். "என்ன மதினி, நேத்தும் பய பின்னாலதான் போனானா?" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் குடத்தைப் பார்த்தே கேட்டுவிடுவார்கள். குடம் மங்க மங்க, எனக்கு ஓட்ட வந்துகொண்டிருந்தது.

லைசென்ஸ் பரீட்சை நாளன்று அம்மாவும் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும், நல்ல காரியம் தடையில்லாமல் நடக்க வேண்டுமென்று, அம்மா வண்டியைச் சுற்றி வந்து முன்சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள். நான் அதைப் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான், பிரேக்கிலிருந்து கால் வரவில்லை.

"அரே, சலோ நா! க்யா ஹுவா?" கிளம்பச் சொல்லி இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

"சாப்... நிம்பு!"

இன்ஸ்பெக்டர் இறங்கிப் பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்துக்குப் பயப்படுகிற டிரைவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருப்பார். அப்பா காலை இழுத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தார்கள்.

"என்னல?"

"நசுங்கிரும்ப்பா. நீங்கதான நசுக்காதன்னீங்க?"

"கோட்டிக்காரப் பயலே! பின்னால போவாதன்னுதான சொன்னேன். முன்னால போவாதன்னா சொன்னேன்? ஏத்துல!"

ஏற்றினேன். லைசென்ஸ் கிடைத்தது. வேன் எங்களிடமே இருந்தது. அதன் பிறகு அப்பா கிளச்சை மிதிக்கவே இல்லை. பல ஆண்டுகள் என் இடப்பக்கம் அமர்ந்து, தேவையில்லாத இடத்திலெல்லாம் பிரேக் போடச் சொன்னார்கள். அந்த இலை வருமானத்தில்தான் தங்கையின் படிப்பும் கல்யாணமும் நடந்தன.

கடைசியாக ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டிக் கூட்டிப்போனபோது சயான் பாலத்து ஏற்றத்தில் நெரிசல். பின்சீட்டில் அம்மாவின் மடியில் தலைவைத்துக் கிடந்த அப்பா கண்ணைத் திறக்காமலே, "ஏல, பழம் பத்திரம்" என்றார்கள். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை.

கடைசி வரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும், அடுப்பு எரியாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி. இன்றைய பந்திக்கு ஒரு கட்டு இலை கொடுத்தனுப்பிய மாதுங்கா ஹோட்டல்காரர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. அத்தனை காலம் அங்கே போன இலை இன்று எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

எல்லாக் காரியங்களையும் முன்னின்று நடத்திய சித்தப்பாவுக்கு நன்றியோடு ஒரு விளக்கமும் உண்டு. மயானத்திலிருந்து கிளம்பும்போது, "திரும்பிப் பாக்காம வண்டிய எடுல" என்றீர்கள். முறை எனக்கும் தெரியும். ஆனால் வாசலில் சின்ன ஏற்றம். அதில்தான் வண்டி நின்றிருந்தது. தலையைத் திருப்பவில்லை, சித்தப்பா. கண்ணாடியைப் பார்த்தேன். பார்க்காமல் கிளம்ப அப்பா எனக்குச் சொல்லித்தரவில்லை.

வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் போகவில்லை.