வெடிக்காத ரவை

என் மனைவியைக் காரில் இருத்திவிட்டு நான் துப்பாக்கி சுடப் போனேன். இதை வேறு விதமாகச் சொல்ல முடியுமா என்று பல மாதங்களாக யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை.

எங்கள் வீடு ஸ்காபரோவில். ஒரு பகல், நான் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம், இருவர் பின்கதவை உடைத்து உள்ளே வந்தார்கள். அவளை அடிக்கவில்லை. தாலிக்கொடியைக் கழற்றித் தரச் சொன்னார்கள். கொடுத்தாள். நான் திரும்பி வந்தபோது குசினியில், அடுப்புக்கு முன்னால் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். கள்வர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அவர்கள்தான் படுக்கச் சொன்னார்களா என்று பொலிஸ்காரர் கேட்டார். இல்லை, அவர்கள் போனபிறகு நானாகத்தான் படுத்தேன் என்றாள். அந்தப் பதிலை நான்தான் ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னேன். அது என்ன பதில் என்று மட்டும் யோசிக்கவில்லை.

அதன்பின் அவளால் தனியே இருக்க முடியவில்லை. நான் குளித்தால் குளியலறை வாசலில் கதிரை போட்டு இருப்பாள். மனநல வைத்தியரிடம் போவோம் என்றாள் மகள். நானோ எழுபது வயதுக்கு மேல் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினேன்.

கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்ட காலம் அது. வீட்டைக் காப்பதற்கென்று இந்த நாட்டில் அதை வாங்க முடியாது. குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கு என்றால் முடியும். வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, கழகத்தில் சேர்ந்து, விளையாட்டு என்று கையெழுத்து வைத்தேன். கடையில் மிஞ்சியிருந்தது ஏதோ ஓர் இராணுவம் கழித்துவிட்ட பழைய துப்பாக்கி ஒன்று. அதற்கான ரவைகளும் அப்படியே, தகரப் பெட்டியில் அடைத்து எங்கோ ஒரு களஞ்சியத்தில் பல பத்து வருடங்கள் கிடந்தவை. மனைவியிடம், நிலவறையில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் வீட்டுப் பத்திரங்கள் இருக்கின்றன என்று சொல்லி வைத்தேன்.

சட்டப்படி துப்பாக்கி பூட்டுக்குள் இருக்க வேண்டும். விசையிலும் ஒரு பூட்டு. ரவை வேறிடத்தில். இவற்றையெல்லாம் திறந்து நான் ஆயத்தமாவதற்குள் வந்த கள்வன் தேத்தண்ணியே குடித்துவிட்டுப் போகலாம். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பெட்டி வீட்டில் இருந்ததால் நித்திரை கொண்டேன். அவள் நித்திரை கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள் எங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டை உடைத்தார்கள். அன்றுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது: இந்தப் பழைய சாமான் வெடிக்குமா? வாங்கியபின் ஒருமுறைகூட அதை நான் சுட்டதில்லை. கேள்வி மண்டைக்குள் புழுப்போல நெளிந்தது. ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் மகளிடம் மனைவியை விட்டுவிட்டு, கழகத்து மைதானத்துக்குப் போய்ச் சுட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். போகும் அன்று காலை, பிள்ளைக்குக் காய்ச்சல், அம்மாவைக் கூட்டிவர வேண்டாம் என்று மகள் சொன்னாள். இன்னொரு நாள் போயிருக்கலாம். போகவில்லை. மனைவியையும் ஏற்றிக்கொண்டு வடக்கே ஓட்டினேன்.

"எங்கையப்பா போறம்?"

"கிளப்பிலை ஒரு சின்ன வேலை. கெதியா வந்திடுவன். நீர் காருக்குள்ளை இரும்."

"என்ன கிளப்? சீட்டு விளையாடுறியளோ இந்த வயசிலை?"

வெகு நாட்களுக்குப் பின் அவள் செய்த பகிடி. நான் சிரித்து, ஓம் என்றேன்.

ஊரில் நான் பௌதிகம் படிப்பித்தவன். தூரம் கூடக் கூட ஒலி எப்படிக் குறையும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவன். கார் நிறுத்தும் இடத்தின் கடைசி மூலையில், மண்மேட்டுக்குப் பின்னால், காரை விட்டேன். கண்ணாடிகளை ஏற்றித் தமிழ் வானொலியைப் போட்டேன். போதும் என்று கணக்குப் பார்த்தேன்.

"கதவைப் பூட்டிப் போட்டுப் போங்கோ" என்றாள்.

கழகத்தில் என்னைத் தவிர இன்னொரு தமிழர் இருந்தார். லொறி ஓட்டுபவர், என்னிலும் மிக இளையவர். என் தகரப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணை, உது என்னைவிட வயசு கூட. உதுக்குப் பென்சன் குடுத்து அனுப்பியிருக்க வேணும்."

"வெடிக்குமோ?"

"உங்களைப்போலதான். சில நாள் எழும்பும், சில நாள் படுத்திருக்கும்."

காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு சுட்டேன். முதல் ரவை வெடித்தது. கை மேலே எகிறியது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதும். அடுத்ததற்கு 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும்.

வெடிக்காத ரவை சில சமயம் சுணங்கி வெடிக்கும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். துப்பாக்கியைக் கீழே போடக்கூடாது, திருப்பக்கூடாது, இலக்கை நோக்கியபடியே அரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அப்படியே நின்று, மற்றக் கையை உயர்த்தினேன். மைதானப் பொறுப்பாளர் கண்டுவிட்டு எல்லோரையும் நிறுத்தச் சொன்னார். சுடுபவர்கள் வரிசை முழுவதும் ஓய்ந்தது. கவசத்துக்குள்ளும் அந்த அமைதி தெரிந்தது.

"அப்பிடியே பிடியுங்கோ அண்ணை" என்று பின்னாலிருந்து லொறிக்காரர் உரக்கச் சொன்னார். "கிழவன் எழும்புறானோ பாப்பம்."

எழும்பவில்லை. படித்த விதியை மறக்காமல் நின்றேன் என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். பொறுப்பாளர் அந்த ரவையை எடுத்துக் காட்டினார். அடியில் ஊசி குத்திய பள்ளம் நன்றாகத் தெரிந்தது. துப்பாக்கி தன் வேலையைச் செய்திருந்தது, ரவைதான் செத்துப் போயிருந்தது.

"உதை நம்பி ஒண்டுக்கும் இறங்கேலாது அண்ணை" என்றார் லொறிக்காரர். எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. எல்லாவற்றையும் பூட்டி எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

கார்க்கதவு திறந்து கிடந்தது. வானொலியில் யாரோ வீடு விற்கும் விளம்பரம். அவள் இருக்கையில் இல்லை. காருக்கும் பக்கத்தில் ஓடிய வாய்க்காலுக்கும் நடுவே, கூரான கற்களின் மேல் குப்புறப் படுத்திருந்தாள். இரண்டு காதுகளிலும் விரல். வாய் திறந்திருந்தது.

"இஞ்சாரும், எழும்பும்."

"கத்தாதேங்கோ. படுங்கோ."

"ஒண்டுமில்லையப்பா. சத்தம் நிண்டிட்டுது."

"நிண்டிட்டுதுதானே. நிண்டா உள்ளுக்கை வருவாங்கள். உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். சண்டைக் காலத்தில் அவள் கைக்குழந்தையோடு யாழ்ப்பாணத்தில் இருந்த வருடங்களில் நான் இந்த நாட்டுக்கு முந்தி வந்து பார்க்டேலில் ஓர் அறையில் நாலு பேரோடு இருந்தேன். வெடிச்சத்தம் கேட்கும்வரை ஆமிக்காரர் தூரத்தில் இருக்கிறார்கள். சத்தம் நின்றால் வீட்டு வாசல் ஒழுங்கைக்குள் இறங்கிவிட்டார்கள். அங்கே இருந்தவர்களுக்கு இது தெரியும். 'இப்ப சத்தம் ஒண்டும் இல்லை' என்று அவள் கடிதங்களில் எழுதுவாள். 'நல்லது' என்று நான் பதில் எழுதியிருக்கிறேன்.

மைதானத்தில் மறுபடி வெடிகள் தொடங்கின. அவள் உடம்பு கொஞ்சம் தளர்ந்ததை என் கண்ணால் கண்டேன். நான் கையை உயர்த்தி, எல்லோரையும் ஓய வைத்து, பெருமையோடு நின்ற அந்த அரை நிமிடத்தில்தான் அவள் கார்க்கதவைத் திறந்து இறங்கியிருக்கிறாள்.

நானும் அவளருகே கல்லில் படுத்தேன். அவள் தோளில் கையை வைத்தேன். மூக்கைச் சுருக்கி என் கையை மோந்து பார்த்தாள்.

"வெடிமருந்து மணக்குது."

"நான்தான் சுட்டனான். துவக்கு என்ரை. உமக்காகத்தான் வாங்கினனான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப, வந்தது நீங்களோ?" என்றாள்.

துப்பாக்கியைப் பொலிசிடம் ஒப்படைத்துவிட்டேன். அந்தப் பழைய ரவையின் மருந்து உப்புத்தன்மை உள்ளதாம், இரும்பை அரிக்குமாம், சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவியிருக்க வேண்டும். நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. கொடுக்கும்போது துப்பாக்கிக் குழாய் முழுக்கத் துருப்பிடித்திருந்தது.

இப்போது அவள் கள்வரைப் பற்றிப் பேசுவதில்லை. நான் கொடுக்கும் தேத்தண்ணியை என் கையிலிருந்து வாங்குவதில்லை. மேசையில் வைத்துவிட்டு நான் விலகியபின் எடுக்கிறாள். வைத்தியரிடம் போகிறோம், இரண்டு விதமான குளிசை மாற்றிவிட்டார்கள். வீட்டில் சற்று நேரம் ஓசை இல்லாவிட்டால் எழுந்து தரையைப் பார்க்கிறாள். ஆகவே நான் ஓசை செய்கிறேன். குழாயைத் திறந்துவிடுகிறேன், கரண்டியைத் தொட்டிக்குள் போடுகிறேன், தேவையில்லாமல் இருமுகிறேன். பகல் முழுவதும் இப்படித்தான். தொண்டை புண்ணாகிவிட்டது.

எழுதும் வேலையில் சத்தம் இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கையில் இடையிடையே கதிரையைத் தரையில் இழுக்கிறேன். கடைசிப் பக்கத்தில் என்னையறியாமல் இழுக்க மறந்துபோனேன். இப்போது பக்கத்து அறையில் கட்டில் முனகுகிறது. அவள் கால்கள் தரையில் படுவது கேட்கிறது.

"இருக்கிறன்" என்று கத்துகிறேன். "நான்தான், இருக்கிறன்."