கம்பிக்கு வெளியே ஏந்திய மடி

எங்கள் தெருவில் முதன்முதலாகக் கிரில் கதவு வைத்தது எங்கள் வீட்டில்தான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்கு நான் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். எண்பதுகளில் நாங்கள் குடிவந்த புதிதில், பகல் நேரத்தில் யாராவது கதவைச் சாத்தியிருந்தால், உள்ளே யாருக்காவது மேலுக்குச் சரியில்லையோ என்று விசாரிக்க ஆள் வந்துவிடும்.

ஓர் ஆடி மாதத்தில், முற்பகல் வேளையில், மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவன் கோயில் கொடை விழாவுக்கு வசூல் என்று வந்திருக்கிறான். நெற்றி நிறையக் குங்குமம். நான் மில்லில் இருந்தேன். என் மனைவி காணிக்கை கொடுத்திருக்கிறாள். பிறகு தண்ணீர் கேட்டானாம். செம்பை நீட்டியபோது தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். கழுத்தில் ஆழமான கீறல். விழுந்து கிடந்த இடத்திலேயே, "பெருமாளே, உயிரை விட்டு வச்சியே, புரட்டாசிக்குள்ள மடிப்பிச்சை எடுத்து உனக்கு மாவிளக்குப் போடுதேன்" என்று நேர்ந்துகொண்டாள். மடிப்பிச்சை என்பது முந்தானையை ஏந்தி வீடு வீடாக அரிசி வாங்குவது. வசதி உள்ளவர்களும் எடுப்பார்கள். பெருமாளுக்கு முன்னால் நமக்கென்ன கௌரவம்.

காயம் ஆறியது, பயம் ஆறவில்லை. புதுத் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டாள். முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்து, அதை ஒரு கையால் பிடித்தபடியேதான் எல்லா வேலையும் செய்வாள். வாசற்படி இறங்குவதே இல்லை. கிரில் போட்டோம்.

"மில்லுக்குப் போகையில வெளிய பூட்டிச் சாவியைக் கொண்டுபோயிருங்க. எங்கிட்ட இருந்தா, யாராச்சும் பாவம்போலக் கேட்டா திறந்துருவேன்" என்றாள். அப்படியே செய்துவந்தேன்.

எங்களைப் பார்த்து அடுத்தடுத்த வீட்டுக்காரர்களும் கிரில் வைத்தார்கள். கிரில் பட்டறைக்காரர் என்னைக் கண்டால் டீ வாங்கிக் கொடுப்பார். ஒருவர் மதிலில் கண்ணாடிச் சில்லுப் பதித்தார். இன்னொருவர் ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கிக் கட்டினார். சாமி பேரைச் சொல்லி வருகிறவர்களுக்குத் திறக்கக் கூடாது என்று பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். அதை முதலில் சொன்னவள் என் மனைவி. அந்தத் திருடன் மறுபடி வரவில்லை. கிரில்லைக் கண்டு வரவில்லையா, வேறு ஊர் பார்த்துப் போய்விட்டானா, யாருக்குத் தெரியும். கிரில்லால்தான் என்று எல்லோரும் வைத்துக்கொண்டோம்.

புரட்டாசி பிறந்து, கடைசிச் சனிக்கிழமையும் வந்துவிட்டது. நேர்த்திக்கடன் அப்படியே நின்றது. வெளியே போகவும் பயம், பெருமாளுக்குச் சொன்ன வார்த்தை தவறவும் பயம். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நான் துண்டை ஏந்தி வாங்கிட்டு வாரேன், நீ இரு" என்றேன்.

"நேந்தது நானுல்ல. ஒங்க துண்டு என் மடியாகுமா?"

"அப்ப நம்ம தெருவுலயே வாங்கு. எல்லாரும் தெரிஞ்சவிய."

"தெரிஞ்ச வீட்டுல வாங்குனா அது பிச்சையா? கைமாத்து. பெருமாள் கணக்குல சேராது."

எதிர்வீட்டில் தெலுங்கு பேசுகிற அம்மா. அவர்களும் தங்கள் கிரில்லுக்குள்தான் நின்றிருந்தார்கள். "ஏமி வதினா, பெருமாளையும் உள்ள வச்சுப் பூட்டிட்டியளா?" என்று மதினி முறை சொல்லிக் கேட்டார்கள். என் மனைவிக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றி நாமம் இட்டுக்கொண்டு படியிறங்கினாள். நான் கொஞ்சம் பின்தங்கியே நடந்தேன்.

அடுத்த தெரு. முதல் வீட்டில் "கோவிந்தா" என்று அவள் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நாய் குரைத்தது. "ஆளு இல்ல, போ" என்று உள்ளேயிருந்து ஆள் குரலே வந்தது. இரண்டாவது வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். அவள் இடது கை கழுத்தை விடவில்லை. ஒரு கையால் மட்டும் மடி ஏந்த முடியுமா, துணி தொங்கியது.

மூன்றாவது வீட்டில் நடுவயதுப் பெண் ஒருவர் கிரில் வரை வந்தார்.

"மடிப்பிச்சைம்மா. பெருமாளுக்கு."

"சாமி பேரைச் சொன்னா நாங்க திறக்கதில்ல. ஆடியில பக்கத்துத் தெருவுல இப்படிச் சொல்லித்தான் ஒரு பொம்பளை கழுத்தை அத்துட்டுப் போயிட்டான்."

"அந்தப் பொம்பளை நான்தான்."

"அப்படித்தான் சொல்லுவாவ."

என் மனைவி கழுத்திலிருந்து இடது கையை எடுத்தாள். முந்தானை சரிந்தது. தழும்பு வெயிலில் தெரிந்தது. அந்த அம்மா கம்பியில் முகம் பதியப் பார்த்தார்.

"ரெண்டு பேருன்னு சொன்னாவ. கத்தியைக் காட்டுனான்னும் சொன்னாவளே."

"ஒருத்தன்தான். கத்தியும் இல்ல. தண்ணி கேட்டான்."

"வெறும் தண்ணிதானா?" அந்தக் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

உள்ளே போய் உழக்கில் பச்சரிசி கொண்டுவந்தார். உழக்கு கம்பிக்குள் நுழையவில்லை.

"திறந்து போடுங்கம்மா, சிந்தும்" என்றாள் என் மனைவி.

"சாவி அவியகிட்டல்லா இருக்கு. கடைக்குப் போகையில பூட்டிட்டுப் போயிருவாவ. ஒங்க சேதி கேட்டதுல இருந்து அப்படித்தான். நான் சொல்லித்தான் பூட்டுதாவ."

என் மனைவி இரண்டு கையாலும் மடியை விரித்துக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தாள். அந்த அம்மா கை கையாக அள்ளிக் கம்பி வழியே போட்டார். வளையல் கம்பியில் இடித்துக்கொண்டே இருந்தது. சிந்தியதைக் குனிந்து ஒரு மணி விடாமல் பொறுக்கிக்கொண்டாள்.

"எனக்கும் சேத்து ஒரு விளக்குப் போட்டுருங்க. இந்தப் புரட்டாசிக்கு மலைக்குப் போகக் கொடுத்து வைக்கல."

"போடுதேன்."

அதன்பிறகு சில வீடுகளில் போட்டார்கள், சில வீடுகளில் போடவில்லை. எந்த வீட்டிலும் அவள் கை கழுத்துக்குப் போகவில்லை. "கோவிந்தா" என்பது தெருக்கோடி வரை கேட்டது.

அரிசியை ஊறவைத்து, இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்தாள். சாயங்காலம் ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருக்கிற பெருமாள் கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம். இரண்டு மாவிளக்கு ஏற்றினாள். இரண்டாவது விளக்கின் முன்னால்தான் அதிக நேரம் கைகூப்பி நின்றாள்.

திங்கட்கிழமை நான் வேலைக்குக் கிளம்பி, வழக்கம்போலப் பூட்டைக் கையில் எடுத்தேன். அவள் கிரில் ஓரம் வந்து கையை நீட்டினாள்.

"சாவியைக் கொடுத்துட்டுப் போங்க."

"யாராச்சும் கேட்டா திறந்துருவேன்னியே?"

"ஆளைப் பாத்துத் திறப்பேன். இல்லாட்டி திறக்க மாட்டேன். அதுக்குச் சாவி எங்கிட்டல்லா இருக்கணும்."

பூட்டையும் சாவியையும் கொடுத்தேன். நான் தெருவில் இறங்கி நாலு எட்டு வைத்திருப்பேன், உள்ளேயிருந்து பூட்டுகிற சத்தம் கேட்டது.