பிளோறன்ஸின் இருட்டு மூலைகள்

மவுஸை ஒரு தட்டுத் தட்டினால், நேற்று எடுத்த படத்துக்கு நாற்பது வயதை ஏற்றிவிடுவார் பிளோறன்ஸ். ஸ்டுட்கார்ட்டில் அவர் கைபடாத தமிழ்க் கலியாணமே கிடையாது. சரி, நாற்பதும் கொஞ்சம் கூடத்தான், கலியாணக் கணக்கும் கூடத்தான். பாதியைக் கழித்தாலும் மனுசி பெரிய ஆள்தான்.

கிழமை நாட்களில் பாடசாலைச் சமையலறையில் வேலை. சனி, ஞாயிறு கமரா. வீட்டில் லப்டொப் இருப்பது அடுப்புக்குப் பக்கத்தில். அது சுணங்கினால், கோழியைக் கூப்பிடுவதுபோல், "கொம், கொம்" என்று ஜெர்மன் மொழியில் கூப்பிடுவார்.

இளசுகளுக்கு இப்போது, விளையாட்டுச் சாமான்போல விற்ற பழைய பிளாஸ்டிக் கமராவின் குறைகளெல்லாம் வேண்டும்: இருண்ட மூலை, வெளிறிய நிறம், மூடியிடுக்கால் வெளிச்சம் கசிந்த செம்மஞ்சள் கீற்று. அந்தக் கீற்றுக்குப் பிளோறன்ஸ் வைத்த பெயர் 'தணல்'. "நல்ல கமராவிலை எடுப்பிச்சுப்போட்டு, பழுதான கமராவிலை எடுத்தமாதிரி ஆக்கித் தாங்கோ எண்டு நிக்கினம்" என்று சிரிப்பார். ஆனால் நிறம் சரிவரும்வரை கதிரையை விட்டு எழும்பமாட்டார்.

ஆதிரையின் கலியாணத்தில்தான் வில்லங்கம். குடும்பப் படத்தின் வலது ஓரத்தில் தாய்மாமன் கணேசலிங்கம். தங்கை, அதாவது ஆதிரையின் தாய், புதுவீடு குடிபுகுந்தபோது நேரில் வந்து சொல்லாமல் வாட்ஸ்அப்பில் சொன்னார் என்று வருடக்கணக்காகப் பேசாதிருந்தவர். கலியாணத்துக்கு வந்தும், படத்துக்குக் கூப்பிடக் கூப்பிட மறுத்து, கடைசியில் ஓரத்தில் வந்து நின்றார். பிளோறன்ஸ் ஏற்றிய மூலை இருட்டு அவர் முகத்தை அப்படியே விழுங்கிவிட்டது.

"மாமா கண்டாரெண்டா, வேணுமெண்டு மறைச்சதெண்டு திரும்பக் கோவிச்சுக்கொண்டு போயிடுவார், அன்ரி. இந்தப் படத்துக்கு மட்டும் ஒண்டும் செய்யாதேங்கோ," என்றாள் ஆதிரை.

"ஏன், எனக்கு ஏலாதெண்டு நினைச்சியோ? நீ தேத்தண்ணியைக் குடி."

இருட்டைக் குறைத்தார்; படம் சப்பென்று போனது. வெளிச்சத்தின் நடுவை மாமா பக்கம் நகர்த்தினார்; இடது ஓரத்தில் மாப்பிள்ளையின் தாய் இருட்டுக்குள் போனார்.

"ஐயோ, மாமி!"

"பொறடி. ஒரு சண்டையைத் தீர்க்கப்போய் புதுசா ஒண்டு வாங்கித் தரமாட்டன்."

பிளோறன்ஸ் கண்ணைச் சுருக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, வலது ஓரத்தில் தணலை வைத்தார். தோளிலிருந்து கன்னத்துக்கு, கன்னத்திலிருந்து நெற்றிக்கு, மயிரிழை மயிரிழையாக ஏற்றினார். மூலை இருட்டாகவே இருந்தது. மாமா மட்டும் வெளியே வந்தார்.

அச்சிட்ட படத்தை, ஆதிரை வீட்டு விருந்தில் பிளோறன்ஸே கணேசலிங்கத்தின் கையில் கொடுத்தார். சோற்றுக் கரண்டியோடு அவருடைய தங்கை கதவடியில் நின்றுவிட்டார். கணேசலிங்கம் கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"மண்டபத்துக்குள்ளை இப்பிடி வெயில் எங்காலை வந்தது?"

பிளோறன்ஸ் கண்ணிமைக்கவில்லை. "உங்களுக்குப் பக்கத்திலை யன்னல் எல்லோ, அண்ணை. அண்டைக்கு முழுக்க மழைக்குணம். வந்தது அந்த ஒரு கீற்றுத்தான். அதுவும் உங்களைத் தேடி வந்தது."

"அந்தப் பக்கம் யன்னல் இல்லை, பிள்ளை. சுவர்," என்றார் கணேசலிங்கம், படத்தைக் கோட்டின் உட்பைக்குள் பத்திரமாக வைத்தபடி.