வாஞ்சூர் சாவடியில் பறக்காத ஈக்கள்

இன்று காலை லீவு முடிந்து காலேஜுக்குக் கிளம்பினேன். பிரெஞ்சுக்காரர் ஆளும் எங்கள் ஊரின் எல்லை முடிகிற வாஞ்சூரில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள்.

அல்வாவுக்குள் கைக்கடிகாரம் கடத்துகிற ஊராயிற்றே! சுங்கக்காரர் என் பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். "உள்ள என்னம்மா?"

"பழ ஈங்க சார், ஆராய்ச்சிக்கு. அடியில வாழைப்பழக் கூழு."

பாட்டில் வாயில் அடைத்திருந்த பஞ்சைப் பிடுங்கிக் கம்பியால் கூழைக் குத்தினார். லீவெல்லாம் வளர்த்தவை நசுங்குமே என்று பதறினேன்.

ஈக்கள் மெல்ல விளிம்புக்கு ஏறி வந்து நின்றன.

"றெக்கை இருக்கே, ஏன் பறக்கல?"

"அதை அசைக்கிற தசை சரியா வளரலைங்க. நரம்புல கோளாறான்னு பாக்கணும்."

அவர் கம்பியை மறந்தார். வெயிலில் அந்த இறக்கைகள் மினுங்கின. பிறகு ஒவ்வொன்றாக விரலால் உள்ளே தள்ளி, பஞ்சை அவரே அடைத்தார்.

பழ வாசனைக்கு வந்த ஊர் ஈக்களோ எல்லையை இங்கும் அங்குமாகத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தன.

நீங்களே சொல்லுங்கள், அவர் யாரைப் பிடித்திருக்க வேண்டும்?